இலியாஸ் பாயின் கட்டைவிரல்

எங்கள் தொழிலில் ரிப்பேர் என்று வந்து இறங்குகிற போர்டுகளில் பாதியை ரோடும் கெடுப்பதில்லை, மழையும் கெடுப்பதில்லை. ஓட்டுகிறவர் முந்தின நாள் பார்த்த வீடியோதான் கெடுக்கிறது.

போர்டு என்றால் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை இல்லை. மின்சார ஸ்கேட்போர்டு. ஒரு பலகை, அடியில் நாலு சக்கரம், ஒரு பேட்டரி, இரண்டு மோட்டார். அதன் மேல் நின்றுகொண்டு போக வேண்டும். கையில் ஒரு சின்ன ரிமோட் இருக்கும். அதில் கட்டைவிரலுக்கு ஒரு சக்கரம். முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் பிரேக் பிடிக்கும். விரல் எவ்வளவு தள்ளினால் மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று முடிவு செய்ய, பலகைக்கு அடியில் உள்ளங்கை அளவில் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டி உண்டு. அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதை லேப்டாப்பில் இணைத்து, ஆளுக்குத் தகுந்த மாதிரி செட்டிங் போட்டுக் கொடுப்பது என் வேலை.

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்தான் எங்கள் கடை. எங்கள் என்றால் நானும் இலியாஸ் பாயும். பாய் பூந்தமல்லிக்காரர், என் வயதுதான். பேட்டரி கட்டுவது அவர். நான் போட்ட செட்டிங்கை ஓட்டிப் பார்த்து ஓகே சொல்வதும் அவர். அவர் சொல்லாமல் எந்த போர்டும் ஷெட்டைத் தாண்டாது. எனக்கு ஓட்டத் தெரியாது. சிரிக்காதீர்கள், ஜவுளிக்கடைக்காரர் எல்லாப் புடவையையும் கட்டிப் பார்த்துவிட்டா விற்கிறார்?

இதே தொழிலில், அல்லது இதைப் போல ஏதோ ஒன்றில், வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சிடுசிடுக்கும் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். உங்கள் பாடு எனக்குத் தெரியும். என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

அப்டேட் வந்தது, போட்டேன்

ஐயப்பன்தாங்கலில் அடுக்குமாடியில் குடியிருக்கும் சாஃப்ட்வேர்காரர் ஒருவர். அவருடைய போர்டு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புது ஃபர்ம்வேர் வந்திருப்பதாகப் போனில் காட்டியதாம், உடனே போட்டுவிட்டார். புதுசு ஏறினால் பழைய செட்டிங் மொத்தத்தையும் அது துடைத்துக்கொண்டு போய்விடும், எந்த மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது உட்பட. இது தெரியாமல் கார் நிறுத்தும் இடத்தில் ஏறி நின்று விரலைத் தள்ளியிருக்கிறார். ஒரு மோட்டார் முன்னால் போக, இன்னொன்று பின்னால் போக, போர்டு அவரைச் சுழற்றிப் பக்கத்துக் காரின் பானெட் மேல் உட்கார வைத்துவிட்டது. முழங்கையில் கட்டோடு வந்து நின்றார்.

அப்டேட் போடுவதற்கு முன்னால் பழைய செட்டிங்கைச் சேமித்து வைத்தீர்களா என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் சொன்ன மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. உங்களில் யாராவது சந்தித்திருந்தால் விலாசம் கொடுங்கள், நேரில் போய் மாலை போட்டுவிட்டு வருகிறேன். பாய் அந்தப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்டேட்னா நல்லதுதானே சார்? போன்ல வாராவாரம் போடறேன், என் போன் ஒரு தடவைகூட என்னைக் கீழ தள்ளி விட்டதில்லையே!"

ஃப்ரேம் ஆடக் கூடாது

ஆவடியில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். மண்டபத்தில் மணப்பெண் நடந்து வரும்போது, இவர் கேமராவோடு போர்டில் நின்று அவளுக்கு முன்னால் சறுக்கிக்கொண்டே படம் பிடிப்பார். கிளம்பும்போது ஒரு துளி உதறல் இருந்தாலும் படம் பாழ்.

இந்த மாதிரி வேலைக்குப் பாயிடம் ஒரு சோதனை உண்டு. இடது கையில் விளிம்பு வரை டீ ஊற்றிய கிளாஸ், வலது கையில் ரிமோட். ஷெட் வாசலில் கிளம்பி, எஸ்டேட் முனை வரை போய்த் திரும்பி வர வேண்டும். டீ சிந்தினால் செட்டிங் சரியில்லை. சிந்தவில்லை என்றால் அந்த டீயைக் குடித்துக்கொண்டே ஓகே சொல்வார். லேசர், சென்சார் என்று எத்தனையோ கருவிகள் இருக்கலாம். எங்களுக்கு அந்த டீ போதும்.

அன்றைக்கு டீ சிந்தியது. வேகம் ஏறுவதை இன்னும் மெதுவாக்கிக் கொடுத்தேன். மறுபடியும் சிந்தியது. லேப்டாப்பில் பார்த்தால், ரிமோட்டிலிருந்து வருகிற சிக்னலின் கோடே நேராக ஏறாமல் நடுங்கி நடுங்கி ஏறியிருந்தது. "ரிமோட்டு வயசாயிடுச்சு மாமே" என்றார் பாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. வேறு ரிமோட்டை இணைத்து, வீடியோக்காரர் கையிலேயே கொடுத்து ஓட்டச் சொன்னோம். ஒரு சொட்டு சிந்தவில்லை. மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"சூப்பர்ணே! மாப்ள ஆடினா எடிட்டிங்ல பாத்துக்குவேன், ஃப்ரேம் ஆடினாத்தான் பொண்ணு ஊட்ல கேப்பாங்க."

ஸ்பிரிங் டைட்டு

அதற்கப்புறம் பாய் தொட்ட ரிமோட் எல்லாமே டைட்டாக இருந்தது. கட்டைவிரல் சக்கரத்துக்கு உள்ளே தலைமுடி அளவில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது இறுகிக் கிடப்பதாகச் சொன்னார். பிரித்து எண்ணெய் விட்டேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். அதைவிடத் தளர்ந்த ஸ்பிரிங் தேடி, பழைய டேப்ரிக்கார்டரை எல்லாம் பிரித்துப் பார்த்தோம். கடைசியில் லேத் பட்டறைக்காரரிடம் கெஞ்சி அவர் கையால் ஒன்று சுற்றி வாங்கினோம். போட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் லூசு பண்ணணும்" என்றார் பாய். என் விரலுக்கு அது ஊதினாலே சுற்றும் அளவுக்கு இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பேட்டரிக்கு நிக்கல் பட்டை வெட்டும்போது கத்தரி நழுவுகிறது என்றார், கத்தரியைச் சாணை பிடித்துக் கொடுத்தேன். எங்கள் கையில் எது கெட்டாலும் சாமானில்தான் குற்றம் இருக்கும் என்று பழகிப்போன புத்தி. உங்களுக்கும் அப்படித்தானே? சாமானைப் பிரிப்பதற்கு நமக்கு ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது, மனிதனைப் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு நாள் பாய் சாப்பாட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். அவர் மனைவி ஷமீம் பஸ் ஏறிக் கொண்டு வந்தார். மேஜை முழுக்கப் பிரித்துப்போட்ட ரிமோட்டுகள் கிடந்தன. இதெல்லாம் என்ன என்று கேட்டார். ஸ்பிரிங் டைட்டாக இருக்கிறது, அதுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பெருமையாக விளக்கினேன். ஷமீம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செல்வம்ணே, இவுரு சட்டைக்கு நான்தான் பட்டன் போட்டு உட்டுகினு கீறேன். சட்டையிலயும் ஸ்பிரிங் டைட்டா கீதா?"

நம்ம டிபார்ட்மென்ட்டு

பெரிய ஆஸ்பத்திரியில் பாயின் கையில் ஊசி குத்திக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். பலமுறை அலைய விட்டார்கள். கடைசி நாளில் நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் பொறுமைசாலி, தமிழிலேயே சொன்னார். மூளையிலிருந்து தசைக்கு உத்தரவு கொண்டு போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. மோட்டார் நரம்பு நோய் என்று பெயர். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் பேச்சு, விழுங்குவது, மூச்சு. அறிவு கெடாது, காது கெடாது. மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

மோட்டார் என்ற சொல்லைக் கேட்டதும் என் மரமண்டை, சென்சார் வைத்த மோட்டாரா வைக்காத மோட்டாரா என்று கேட்கப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டேன். பாய் மூடவில்லை. "டாக்டர், மோட்டாரு நல்லா கீது, ஒயருதான் போயிகினு கீது. கரெக்டா?" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஏறக்குறைய அப்படித்தான் என்றார். ஒயரை மாற்ற முடியாதா என்று பாய் கேட்கவில்லை. முடிந்தால் டாக்டரே சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பூந்தமல்லி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் பாய்தான் பேசினார்.

"இன்னா மாமே மூஞ்ச திருப்பிக்கினே? நம்ம டிபார்ட்மென்ட்டு நோவுதான் வந்துகீது. ஒண்ணு மட்டும் சொல்ட்டேன், இந்த வெரலு ஆடற வரிக்கும் டெஸ்ட்டு நான்தான். எனுக்குத் தெரியாம ஒரு போர்டு வெளிய போச்சு, ஷெட்ட இழுத்துப் பூட்டிடுவேன்."

எது முழுசு

புது ஆள் ரிமோட்டைக் கையில் எடுத்தால் முதலில் அளவெடுக்க வேண்டும், தையல்காரர் எடுப்பது போல. லேப்டாப் கேட்கும், நான் தமிழில் சொல்வேன்: "முழுசா தள்ளுங்க. முழுசா இழுங்க. இப்ப விட்டுடுங்க." அந்த ஆள் எவ்வளவு தள்ளுகிறாரோ அதைத்தான் முழுசு என்று அது எழுதிக்கொள்ளும். பயில்வான் தள்ளினாலும் முழுசு, காய்ச்சலில் கிடப்பவர் தள்ளினாலும் முழுசு. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

பாய்க்கு அடிக்கடி அளவெடுக்க வேண்டியிருந்தது. போன தடவை பாதி தூரம் போன சக்கரம், அடுத்த தடவை அதற்கும் குறைவாகப் போகும். அதையே முழுசு என்று போட்டுக் கொடுப்பேன். அந்த அரைகுறைத் தள்ளலுக்கே போர்டு பழைய வேகத்தில் சீறிக்கொண்டு போகும். இன்னொரு தொல்லையும் இருந்தது. விரல் சும்மா இருக்கும்போது லேசாக அசைந்தால் போர்டு கிளம்பிவிடக் கூடாது என்று நடுவில் ஒரு இடைவெளி விட்டு வைப்போம். பாயின் விரல் சதை இப்போது தானாகவே துடிக்க ஆரம்பித்திருந்தது. அந்த இடைவெளியையும் அகலமாக்கிக்கொண்டே போனேன். ஒரு பக்கம் முழுசு இறங்கி வந்தது, இன்னொரு பக்கம் இடைவெளி ஏறி வந்தது. நடுவில் மிச்சம் இருந்ததில்தான் பாய் ஓட்டினார். இரண்டும் ஒரு நாள் முட்டிக்கொள்ளும் என்பது மென்பொருள் தெரிந்த எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அப்படி ஒரு நாள் அளவெடுத்து முடித்தபோது, திரையில் விழுந்த குட்டிக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் என் தோளைத் தோளால் இடித்தார்.

"நல்ல சாஃப்ட்வேரு மாமே. நம்ம சொந்தக்காரங்க மாரி, அவ்ளோதானான்னு ஒரு வார்த்த கேக்கல பாரு!"

அம்மன் குலுங்கக் கூடாது

அம்பத்தூர் பக்கத்தில் ஒரு தெருக்கோயில். ஆடி மாதம் அம்மனைச் சின்ன வண்டியில் வைத்து நாலு தெருவுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த வண்டிக்கு ஸ்கேட்போர்டு மோட்டாரும் கன்ட்ரோலரும் வைத்துத் தர முடியுமா என்று கோயில் தர்மகர்த்தா வந்து கேட்டார். நான் யோசித்தேன். பாய் யோசிக்கவே இல்லை, "வெச்சிடலாம் அண்ணாத்தே" என்று சொல்லிவிட்டார். அம்மன் இடத்தில் ரெண்டு மணல் மூட்டையை வைத்து எஸ்டேட் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மூட்டை மேல் ஒரு சொம்புத் தண்ணீர். டீ வைக்கலாம் என்றுதான் பாய் முதலில் சொன்னார், அம்மன் விஷயம் ஆயிற்றே என்று பிறகு அவரே மாற்றிக்கொண்டார்.

அதற்குள் பாயின் கட்டைவிரல் தனியாக எதையும் தள்ளும் நிலையில் இல்லை. ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் சக்கரத்தை உருட்டினார். தலை குனிந்திருந்தது. கண்ணை எடுக்காமல் அடிமேல் அடி வைத்து வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார். சொம்பு அசையவில்லை. என்ன விஷயம் என்று தெரியாத தர்மகர்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார்.

"பாய பாருப்பா, ரெண்டு கையாலயும் புடிச்சு இன்னா பக்தியா ஓட்டறாரு! எங்காளுங்க ஒரு கையில சாமிய தள்ளிகினு இன்னொரு கையில செல்போன் பேசுவானுங்க."

வீட்டம்மா சொன்னால்

எங்கள் தொழிலில் இது சாதாரணம். கணவர் வந்து வேகத்தைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் வண்டி திருப்பத்தைத் தாண்டுவதற்குள் மனைவியிடமிருந்து போன் வரும், அவருக்குத் தெரியாமல் குறைத்துவிடுங்கள் என்று. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் செட்டிங்கைத் தொட்டால், அவர் போகும் என்று நினைக்கிற இடத்தில் போகாது, நிற்கும் என்று நினைக்கிற இடத்தில் நிற்காது. ஒரு அம்மா என்னை விடவே இல்லை. கடைசியில் இப்படிக் கேட்டார்: "பிரியாணில உப்பை அவருக்குத் தெரியாமத்தானே குறைக்கிறேன்? அதைச் சாப்ட்டு ஒழுங்காத்தானே இருக்காரு? உங்களால மட்டும் ஏன் முடியாது?"

அந்த அம்மாவிடம் அவ்வளவு கறாராக இருந்த நான், ஷமீம் கேட்டபோது மறுக்கவில்லை. பாய் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கையாலும் ரிமோட்டைப் பிடித்து இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். கீழே விழுந்தால் கையை ஊன்றத் தெம்பில்லை, முகம்தான் தரையில் மோதும் என்று ஷமீம் சொன்னார். நிறுத்தச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஆகவே பாயின் போர்டில் உச்ச வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தேன். ஒன்றும் தெரியாதவன் போல லேப்டாப்பை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் எஸ்டேட் முனை வரைகூடப் போகவில்லை. பாதியில் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"கையிதான் போவுது மாமே, காது போவலன்னு டாக்டர் சொன்னாரில்ல? என் மோட்டாரு எந்த சத்தத்துல போய் நிக்கும்னு எனுக்குத் தெரியாதா? திருப்பி வை."

திருப்பி வைத்தேன்.

பின்னால் ஓடுகிறவன்

நான் பயந்தது போலவே ஆனது. முழுசும் இடைவெளியும் முட்டிக்கொண்டன. ஓட்டுகிற அளவுக்கு விரல்களுக்கு உத்தரவு போவது நின்றுவிட்டது. கால் மட்டும் இன்னும் தாங்கியது. போர்டில் ஏறி நின்றால் உடம்பைச் சாய்த்துத் திருப்ப முடியும், ஆனால் கிளப்பவும் நிறுத்தவும் முடியாது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பாய் ரிமோட்டையும் என்னையும் முகவாயால் காட்டினார். அவர் நிற்பாராம், நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வர வேண்டுமாம்.

என் உடம்பைப் பார்த்தவர்களுக்கு நான் ஓடுவது எப்பேர்ப்பட்ட காட்சி என்று தெரியும். லுங்கி கட்டிக்கொண்டு வரவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். முன்னால் பாய், தலையை நிமிர்த்தி, கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்க, காற்றில் சட்டை படபடக்கப் போனார். "ஏத்து" என்பார், ஏற்றுவேன். "பிரேக்கு புடிக்கறது கரகரன்னு கீது, கம்மி பண்ணு" என்பார். பாதத்தாலேயே கண்டுபிடித்துச் சொன்னார், ஒன்றும் தப்பவில்லை. வாடிக்கையாளர் போர்டுகளை அப்படித்தான் கொஞ்ச காலம் சோதித்து அனுப்பினோம். எனக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. எது வியர்வை எது கண்ணீர் என்று நானே பிரித்துப் பார்க்கவில்லை. எஸ்டேட் வாசலில் இருக்கும் வாட்ச்மேன் இதை வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் எழுந்து வந்து கேட்டார்.

"இன்னா சார், உங்காளு மகாராஜா மாரி நின்னுகினு போறாரு, நீ ஏன் பின்னால மூச்சிறைக்க ஓடிகினு கீற? அவரு உனுக்கு எதுனா தரணுமா?"

ரிமோட் கனெக்ட் ஆகலையா

காலும் போனது. பாய் இப்போது சக்கர நாற்காலியில். பேச்சு குழறும், பழகியவர்களுக்குத்தான் புரியும். ஷமீம் ஆட்டோவில் கூட்டி வந்து ஷெட்டில் விட்டுவிட்டுப் போவார். ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே என்று நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். விழுந்து விழுந்துதான். பாய் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். நான் விழும்போதெல்லாம் அவருக்கு ஒரு சிரிப்பு வரும், அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு தடவைகூட விழலாம் என்று தோன்றும். ஆனால் நான் ஓட்டிப் பார்த்தது போதாது. கடைசியில் போர்டை மேஜை மேல் கவிழ்த்துப்போட்டு, ரிமோட்டைப் பாயின் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலைத் தூக்கிச் சக்கரத்தின் மேல் வைப்பேன். விரலை லேசாக அசைப்பார், போர்டின் சக்கரம் சுற்றும், சத்தத்தைக் கேட்பார், கண்ணை மூடித் திறப்பார். அதுதான் ஓகே. விரலில் ஒரு மயிரிழை அசைவு மட்டும் மிச்சம் இருந்தது, கவிழ்ந்து கிடக்கிற போர்டுக்கு அந்த நடு இடைவெளியும் தேவையில்லை. அதை வைத்துத்தான் இத்தனையும்.

அம்பத்தூரிலிருந்து ஒரு பெண் தன் போர்டை எடுத்துப் போக வந்திருந்தார். காலையிலேயே நான் ஓட்டிப் பார்த்து எல்லாம் சரியாக இருந்தது. பாய் கையில் ரிமோட்டை வைத்தேன். அளவெடுக்கும் பக்கத்தைத் திறந்து, எப்போதும் போல, "முழுசா தள்ளுங்க பாய்" என்றேன். திரையில் கோடு எழும்பவில்லை. காத்திருந்தேன். விரலை எடுத்துச் சரியாக வைத்தேன். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பாயின் நெற்றி நரம்பு புடைத்திருந்தது, கழுத்து இறுகியிருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிக்னல் எதுவும் வரவில்லை என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, ரிமோட் கனெக்ட் ஆகவில்லை போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, அடிப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பாய் சிவப்பு எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குழறலாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

"அதுக்கு இன்னா தெரியும் மாமே... நான் தள்ளிகினுதான் கீறேன்."

ஆளைச் சந்தேகப்பட்டு, திரையை நம்பிச் சோறு தின்கிற தொழில் எங்களுடையது என்பதால், அந்த லேப்டாப்பை மூடிவிட்டு, "பாய் ஓகே சொல்லிட்டாரும்மா, எடுத்துட்டுப் போங்க" என்று நான் சொன்னதை இந்தத் தொழிலில் இருக்கும் வேறு யாரும் பின்பற்ற வேண்டாம்.